டீசல் எஞ்சின் வாட்டர் பம்பு: எந்த லிவரை எப்போது தொடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அடுக்ககம் வேளச்சேரியில், ஏரிக்குப் பக்கத்தில் பள்ளமான ஒரு தெருவில் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் கார் நிறுத்துமிடம் மூழ்கியது. கரன்ட் இல்லாததால் மோட்டாரும் ஓடவில்லை. அதற்குப் பிறகுதான் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 3 இன்ச் டீசல் பம்பு ஒன்று வாங்கினோம். அன்றிலிருந்து அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நான் மெக்கானிக் இல்லை. ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த ராத்திரி பக்கத்துத் தெருக்காரர்கள் போனில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் தெரிந்திருந்தது. அந்தக் கேள்விகளும் பிறகு வந்த சிலவும் இங்கே. கையால் தூக்கும் அல்லது தள்ளுவண்டியில் வரும் சின்ன எஞ்சின் பம்புகளுக்கு இது பொருந்தும்.

இத்தனை லிவர் இருக்கிறதே, எது எதற்கு?

பார்க்க நிறையத் தெரிந்தாலும் கை வைக்க வேண்டியது நான்கில்தான்.

டேங்குக்கு அடியில் இருக்கும் சின்னத் திருகு டீசல் காக். கைப்பிடி குழாயோடு ஒரே நேர்க்கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. பெரும்பாலான எஞ்சினில் இப்படித்தான்.

பக்கவாட்டில் இருப்பது ரேஸ் லிவர், அதாவது வேகம் கூட்டிக் குறைப்பது. ஒரு கோடியில் நிறுத்தம், மறு கோடியில் முழு வேகம். காற்றுக் குளிர்ச்சி எஞ்சின்களில் இதை ஓடும் நிலைக்குத் தள்ளினால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். சில மாடல்களில் சிவப்புக் குமிழை அழுத்தினால்தான் நிறுத்தத்துக்குத் திரும்பும்.

எஞ்சின் தலையில் இருக்கும் குட்டி லிவர் டீகம்ப்ரஷன். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நசுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்ற வைக்கிறது. அவ்வளவு இறுக்கத்தை எதிர்த்து வெறுங்கையால் சுற்ற முடியாது. இந்த லிவர் ஒரு வால்வைக் கொஞ்சம் திறந்து வைத்துக் காற்றை வெளியே விடும், எஞ்சின் லேசாகச் சுற்றும். வேகம் பிடித்ததும் வால்வு மூட வேண்டும். அப்போதுதான் எஞ்சின் பிடிக்கும்.

நான்காவது, ஸ்டார்ட் செய்யும் கயிறோ ஹேண்டிலோ சாவியோ.

சோக் எங்கே? தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்.

கிடையாது. சோக் பெட்ரோல் எஞ்சின் சமாசாரம்.

கயிறு இழுத்து இழுத்துத் தோள் போய்விட்டது. சரியான வரிசை என்ன?

முதலில் எஞ்சின் சமதரையில் நிற்கிறதா பாருங்கள். பேஸ்மென்ட் சரிவுப் பாதையில் சாய்வாக வைத்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். குச்சியை எடுத்து ஆயில் அளவு பாருங்கள். பம்புக்குள் தண்ணீர் ஊற்றியாயிற்றா? காக் திறந்தாயிற்றா? ரேஸ் லிவர் ஓடும் நிலையில் இருக்கிறதா? எங்கள் பக்கம் பாதிப் பேர் லிவர் நிறுத்தத்தில் இருக்கும்போதே கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பார்கள். டீசலே போகாத எஞ்சின் எப்படிப் பிடிக்கும்?

இனி கயிறு. மெதுவாக இழுத்தால் ஓர் இடத்தில் கல் மாதிரி இறுகும். அங்கே நிறுத்தி, கயிற்றை மெல்லத் திரும்ப விடுங்கள். இப்போது டீகம்ப்ரஷன் லிவரைக் கீழே அழுத்துங்கள். கயிறு ஸ்டார்ட் வகையில் அது அப்படியே நின்று, எஞ்சின் சுற்றும்போது தானாக மேலே வந்துவிடும். அப்புறம் இரண்டு கையாலும் ஒரே இழுப்பாக, முழு நீளத்துக்கு, வேகமாக இழுங்கள். பாதியில் தளர்த்தக் கூடாது. பிடித்ததும் கயிற்றைக் கையை விட்டு நழுவவிடாமல் மெதுவாக உள்ளே அனுப்புங்கள்.

பிடிக்கவில்லையென்றால் மறுபடி இறுகும் இடத்திலிருந்தே தொடங்க வேண்டும். இந்த ஒரு படியை விட்டுவிட்டுப் பத்து முறை இழுப்பதைவிட, இதைச் செய்து ஒரு முறை இழுப்பது மேல்.

பழைய 5 எச்.பி. எஞ்சின், ஹேண்டில் போட்டுச் சுற்றுவது. அதற்கும் இதேதானா?

லிவர்கள் அதேதான், டீகம்ப்ரஷன் மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் ஹேண்டிலைச் சுற்றி, நல்ல வேகம் வந்ததும் லிவரை விடுங்கள்.

ஆபத்து ஹேண்டிலில் இருக்கிறது. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடியுங்கள். எஞ்சின் பின்னால் உதைத்தால் கை தானாக விடுபடும். கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்திருந்தால் மணிக்கட்டு போய்விடும். எஞ்சின் பிடித்த பிறகு ஹேண்டில் கழன்று வராமல் கூடவே சுற்றினால் அதைப் பிடிக்கப் போகாதீர்கள், விலகி நின்று எஞ்சினை நிறுத்துங்கள். லுங்கி, துப்பட்டா, தோளில் துண்டு எதுவும் ஃப்ளைவீல் (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்) பக்கம் வேண்டாம்.

சாவி போட்டால் ஸ்டார்ட் ஆகிறது. சாவியைத் திருப்பினால் நிற்கவில்லையே?

பல மாடல்களில் சாவி பேட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் மட்டும்தான். எஞ்சினை நிறுத்துவது ரேஸ் லிவர்தான். ஸ்டார்ட் செய்யும்போதும் சாவியை ஐந்து பத்து நொடிக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள். விட்டு, அரை நிமிடம் பொறுத்து மறுபடி முயலுங்கள்.

பம்புக்குள் தண்ணீர் ஊற்றாமல் ஸ்டார்ட் செய்துவிட்டேன். பரவாயில்லையா?

உடனே நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. பம்பின் தண்டில் இருக்கும் சீல் தண்ணீரால்தான் குளிர்கிறது. வெறுமனே ஓடினால் கொஞ்ச நேரத்தில் சூடேறிக் கருகும், அப்புறம் தண்டோரம் சொட்டிக்கொண்டே இருக்கும். முதல் வருஷம் நானே அந்த வேலையைச் செய்தேன். தானே தண்ணீர் இழுக்கும் பம்பு என்று கடையில் சொன்னதை நம்பி, ஒரு சொட்டுகூட ஊற்றாமல் ஓட்டினேன். தானே இழுக்கும் என்றால் குழாயில் இருக்கும் காற்றைத் தானே வெளியேற்றிக்கொள்ளும் என்று அர்த்தம். அதற்கும் பம்பு வயிற்றில் முதலில் தண்ணீர் வேண்டும். மேலே இருக்கும் மூடியைத் திறந்து, வழியும்வரை ஊற்றுங்கள்.

சூடாகிவிட்ட பம்பில் உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஆறட்டும்.

எஞ்சின் ஜோராக ஓடுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை. ரேஸ் கூட்டினால் வருமா?

வராது. இந்த நேரத்தில் ரேஸ் லிவரில் கை வைப்பதே வீண். எனக்கு வந்த போன்களில் முக்கால்வாசி இந்தக் கேள்விதான், கோளாறு அநேகமாக எப்போதும் இழுக்கும் பக்கத்துக் குழாயில்தான்.

பம்பு தண்ணீரை இழுக்கிறது என்று நாம் சொன்னாலும் உண்மையில் அது தன் வயிற்றில் காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. வெளியே இருக்கும் காற்று தண்ணீரை மேலே தள்ளுகிறது. காற்றின் முழு பலமும் சேர்ந்தாலும் சுமார் 34 அடிக்கு மேல் தள்ள முடியாது, நடைமுறையில் 20, 22 அடியே அதிகம். தண்ணீர் மட்டத்திலிருந்து பம்புவரை 15 அடிக்குள் இருந்தால் நிம்மதி. டெலிவரி பக்கத்தில் எவ்வளவு நீளம் போட்டாலும் ஓரளவு சமாளிக்கும், இழுக்கும் பக்கம் சமாளிக்காது. அதனால் பம்பைத் தண்ணீருக்குப் பக்கமாகவும் அதன் மட்டத்துக்குக் கிட்டவும் வையுங்கள்.

அடுத்தது காற்றுக் கசிவு. ஊசி முனை ஓட்டை போதும். தண்ணீர் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. இணைப்பில் வாஷர் இருக்கிறதா, கிளிப் இறுக்கமா, ஹோஸில் விரிசல் உண்டா என்று பாருங்கள். சந்தேகம் இருக்கும் இடத்தில் சோப்பு நுரையைத் தடவினால், ஓடும்போது நுரை உள்ளே உறிஞ்சப்படும். அவசரத்துக்கு கிரீஸ் பூசி, மேலே சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டினால் அந்த ராத்திரி தாங்கும்.

இழுக்கும் குழாய் சப்பிப்போகாத கம்பிச்சுருள் வகையாக இருக்க வேண்டும். டெலிவரிக்குப் போடும் சப்பையான நீல ஹோஸை இந்தப் பக்கம் மாட்டி, அது ஒட்டிக்கொண்டு நின்றதை இரண்டு வீட்டில் பார்த்துவிட்டேன். குழாய் பம்பை நோக்கி ஒரே ஏற்றமாக வரட்டும். சுவர் மேல் ஏறி இறங்கினால் அந்த மேட்டில் காற்று தங்கிவிடும். நுனி தண்ணீருக்குள் ஓர் அடியாவது முங்கியிருக்கட்டும், இல்லையென்றால் சுழி விழுந்து காற்றையும் சேர்த்து இழுக்கும்.

யாரும் யோசிக்காத ஒன்று: டெலிவரி ஹோஸ் மடிந்தோ, தண்ணீரோடு கனமாகத் தரையில் படுத்தோ கிடந்தால் பம்பு வெளியேற்றும் காற்றுக்குப் போக வழி இருக்காது. தொடங்கும்போது ஹோஸை விரித்துவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் வரவில்லையென்றால் நிறுத்திவிட்டு முதலிலிருந்து பாருங்கள்.

கடைசியாகக் குப்பை. நம் ஊர் வெள்ளத்தில் பால் கவர், ஆகாயத்தாமரை, தேங்காய் நார், என்னதான் வராது? குழாய் நுனியின் சல்லடை தனியாகப் போதாது. பழைய பெயிண்ட் பக்கெட்டில் நிறைய ஓட்டை போட்டு, அதற்குள் நுனியை வைத்து, தரையைத் தொடாதபடி கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறோம். சேறும் வராது.

முழு ரேஸில் வைத்தால் சீக்கிரம் வடியுமே?

கொஞ்சம் சீக்கிரம்தான், ஆனால் கணக்குப் பாருங்கள். இந்தப் பம்புகளில் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் தண்ணீரும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். எஞ்சின் மேல் விழும் பாரமோ பாதியாகிவிடும். பாரம் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக (வேகம் × வேகம் × வேகம்) ஏறுவதுதான் காரணம். ஒரு ராத்திரி முழுக்க ஓட வேண்டிய எஞ்சினை முக்கால் ரேஸில் விடுவதே என் வழக்கம். ஆனால் தண்ணீரை ஏற்றும் உயரம் அதிகமென்றால் இது சரிவராது. வேகம் குறைந்தால் ஏற்றும் பலம் இன்னும் வேகமாகக் குறையும், ஆழமான பேஸ்மென்டிலிருந்து தெருவுக்குத் தள்ளும்போது தண்ணீர் நுனியில் சொட்டிக்கொண்டு நிற்கும். லிவரை மெதுவாகக் கூட்டிக்கொண்டே போய், வீச்சு நன்றாக வந்த இடத்தில் விட்டுவிடுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் ஒன்றிரண்டு நிமிடம் ஸ்லோவில் ஓடவிட்டு, பிறகே ரேஸ் கொடுக்க வேண்டும்.

எங்கள் பார்க்கிங் வடிய எவ்வளவு நேரம், எவ்வளவு டீசல்?

ஒரு கிரவுண்ட் இடத்தில், அதாவது 2400 சதுர அடியில், ஓர் அடித் தண்ணீர் நின்றால் சுமார் 68,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கிட்டத்தட்ட ஆறு லோடு. 3 இன்ச் பம்பின் பெட்டியில் நிமிடத்துக்கு 1000 லிட்டர் என்று போட்டிருந்தாலும் அது உயரமே இல்லாதபோது. நிஜத்தில் 600 என்று வைத்தால் இரண்டு மணி நேரம் ஆகும். 5 எச்.பி. எஞ்சின் முழுப் பாரத்தில் மணிக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல் குடிக்கும். தெருவிலிருந்து தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. வாசலில் மண்மூட்டை அடுக்கிய பிறகுதான் பம்பைத் தொட வேண்டும்.

டெலிவரி வால்வை மூடி வைத்து ஓட்டலாமா?

ஒரு நிமிடத்துக்கு மேல் கூடாது. உள்ளே அதே தண்ணீர் சுற்றிச் சுற்றிச் சூடாகும். கொதிக்கும் பம்பின் மூடியைத் திறந்து முகத்தில் அடிவாங்கியவர்கள் உண்டு.

நிறுத்துவதற்குச் சுலபமான வழி?

ரேஸைக் குறைத்து மூன்று நான்கு நிமிடம் ஸ்லோவில் ஓடவிடுங்கள், பிறகு லிவரை நிறுத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். அதன் பின் காக்கை மூடுங்கள். கயிறு வகையில் கடைசியாகக் கயிற்றை மெல்ல இழுத்து, இறுகும் இடத்தில் விட்டுவிட்டால் வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும், ஈரக்காற்று சிலிண்டருக்குள் போய்த் துரு ஏறாது. பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் இடங்களில் இது நிஜமாகவே பலன் தரும்.

டீகம்ப்ரஷன் லிவரை அழுத்தி நிறுத்தும் பழக்கம் சிலருக்கு உண்டு. வால்வுக்குக் கேடு. காக்கை மூடி நிறுத்துவதும் வேண்டாம், குழாய் காய்ந்து காற்று புகுந்துவிடும்.

டீசல் தீர்ந்து நின்றது. ஊற்றிய பிறகும் ஸ்டார்ட் ஆகவில்லை.

ஏர் லாக், அதாவது டீசல் போகும் வழியில் காற்று அடைத்திருக்கிறது. எஞ்சினுக்கு டீசல் அனுப்பும் சின்னப் பம்பின் பக்கத்தில் காற்று எடுக்கும் திருகு இருந்தால் காக்கைத் திறந்துவைத்து அதைத் தளர்த்துங்கள். நுரை நுரையாக வந்து, பிறகு சுத்தமாக டீசல் வரும், அப்போது இறுக்குங்கள். அடுத்து, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலுக்குப் போகும் மெல்லிய கம்பிக்குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, டீகம்ப்ரஷனை அழுத்தி, ரேஸ் லிவரை ஓடும் நிலையில் வைத்து, குமிழி இல்லாமல் டீசல் துளிர்க்கும்வரை சுற்றி, மறுபடி இறுக்குங்கள். அந்த இடத்தில் கையையோ முகத்தையோ வைக்காதீர்கள். அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைக்கும்.

ஏர் ஃபில்டரில் பெட்ரோல் துணியைக் காட்டி ஸ்டார்ட் செய்வது மெக்கானிக் பையன்களின் குறுக்குவழி. பிஸ்டன் உடைந்தால் அவர்களா தருவார்கள்?

லிவரை நிறுத்தத்தில் வைத்தும் எஞ்சின் தறிகெட்டு ஓடினால்?

டீசல் காக்கை மூடுங்கள். அப்படியும் வேகம் ஏறினால் அது ஆயிலைக் குடித்து ஓடுகிறது. ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தால் இப்படி ஆகும். காற்று போகும் வாயை மரப்பலகை போன்ற கெட்டியான எதையாவது வைத்து அடைத்தால் நின்றுவிடும். வெறும் கையால் அடைக்கக் கூடாது.

புகை?

கறுப்பென்றால் பாரம் அதிகம் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. ரேஸைக் குறைத்துப் பாருங்கள். நீலமென்றால் ஆயில் எரிகிறது. ஸ்டார்ட் செய்த உடன் வெள்ளைப் புகை வந்து மறைந்தால் ஒன்றுமில்லை, நிற்காமல் வந்தால் டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம்.

மழையில் நனைகிறதே, பம்பை பேஸ்மென்டுக்குள்ளேயே வைத்து ஓட்டலாமா?

கூடாது. எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, வாசனையில்லை. மூடிய இடத்தில் மயக்கம் வருவதற்குள் ஆள் விழுந்துவிடுவார், தூக்கப் போனவரும் விழுவார். கிணறு, சம்ப், படிக்கட்டுக்கு அடி, எல்லாம் இதே கணக்குதான். பம்பை வெளியே வைத்து மேலே தகரமோ தார்ப்பாயோ எஞ்சினுக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள், புகை குழாய் ஜன்னலைப் பார்க்காமல் இருக்கட்டும்.

இன்னொன்று. தண்ணீர் நிற்கும் பேஸ்மென்டில் கால் வைக்கும் முன் ஈ.பி. மெயின் அணைந்திருக்க வேண்டும். மெயின் போர்டே தண்ணீரில் இருந்தால் நீங்கள் தொடாதீர்கள், ஈ.பி. ஆட்கள் வந்து துண்டிக்கட்டும். காலில் கம்பூட்ஸ் போடுங்கள். எலிக்காய்ச்சல் இந்தத் தண்ணீரில்தான் வருகிறது.

தண்ணீரை எங்கே விடுவது?

மழைநீர் வடிகாலில். பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்து விட்டால் நாலு வீடு தள்ளி யாரோ ஒருவரின் கழிப்பறையில் பொங்கும். வடிகாலே நிரம்பியிருந்தால் விட்ட தண்ணீர் சுற்றி உங்கள் வாசலுக்கே வரும், பொறுத்திருங்கள். தெரு முழுக்க நின்றால் மாநகராட்சியின் 1913-க்குச் சொல்லுங்கள்.

பேஸ்மென்டையும் சம்பையும் ஒரே மூச்சில் காலி செய்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள். சுற்றிலும் மண் ஊறி நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது, உள்ளே இருக்கும் தண்ணீர்தான் சுவரை எதிர்ப்பக்கம் தாங்கி நிற்கிறது. அதை ஒரே அடியாக எடுத்தால் சுவர் வெடிக்கலாம், தரை மேலே தூக்கலாம். ஆழமான பேஸ்மென்ட் என்றால் ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்கு என்று இறக்குவது பாதுகாப்பு. இறக்கிவிட்டுச் சுவரில் கோடு போட்டு வையுங்கள். காலையில் தண்ணீர் கோட்டுக்கு மேல் ஏறியிருந்தால் இன்னும் வெளியிலிருந்து ஊறுகிறது. மண்ணுக்குள் புதைத்த பிளாஸ்டிக் தொட்டியைக் காலி செய்தால் மிதந்தே மேலே வந்துவிடும்.

எஞ்சினே தண்ணீரில் மூழ்கிவிட்டது. காய வைத்து ஸ்டார்ட் செய்யட்டுமா?

வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது நசுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். ஆயில், டீசல் இரண்டையும் வடித்து மாற்றி, நாசிலைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே சுற்ற வேண்டும். இது மெக்கானிக் வேலை.

மழை முடிந்த பிறகு என்ன செய்து வைப்பது? அடுத்த வருஷம் ஸ்டார்ட் ஆக வேண்டுமே.

நல்ல தண்ணீரைப் பத்து நிமிடம் ஓட்டிச் சேற்றைக் கழுவி, அடியில் இருக்கும் திருகைக் கழற்றிப் பம்பைக் காய விடுங்கள். புது எஞ்சினுக்கு முதல் ஆயிலைச் சுமார் 20 மணி நேரத்திலும், பிறகு 100 மணிக்கு ஒரு முறையும் மாற்றுவது பொது வழக்கம்; உங்கள் மாடலின் புத்தகத்தையும் பாருங்கள். டேங்கில் டீசல் பாதியாகக் கிடந்தால் உள்ளே ஈரம் படிந்து அடியில் தண்ணீர் சேரும். ஒன்று நிரப்பி வையுங்கள், இல்லை வடித்துவிடுங்கள்.

மாதம் ஒரு முறை, பம்பில் தண்ணீர் ஊற்றி, கால் மணி நேரம் ஓட்டுவதுதான் சரி. அது முடியாதென்றால் ஆயுத பூஜை அன்றாவது. வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் வரும் நாள் அது. எங்கள் அடுக்ககத்தில் எஞ்சினுக்குப் பொட்டு வைத்து மாலை போடுவதற்கு முன்னால் ஒரு வீட்டுக்காரர் கயிறு இழுக்க வேண்டும், ஒவ்வொரு வருஷமும் வேறொருவர். போன வருஷம் இரண்டாம் மாடி மாமி இழுத்தார், முதல் இழுப்பிலேயே பிடித்துவிட்டது. இந்த வருஷம் அவர் வீட்டுக்காரர் முறை, அவர்தான் யோசிக்கிறார்.